நாற்பதைத் தாண்டி எலக்ட்ரீஷியன் வேலைக்கு வருகிறவர்களுக்கு

நான் முதன்முதலாக ஒயர் உரித்தபோது எனக்கு வயது 41. பதினெட்டு வருடம் கணக்கு எழுதிய கை. கத்தியால் மேலுறையைச் சுற்றி வெட்டி இழுத்தேன், அழகாகக் கழன்று வந்தது. பக்கத்தில் நின்ற பையனுக்கு 22 வயது இருக்கும். வாங்கிப் பார்த்தான். உரித்த முனையை இப்படியும் அப்படியுமாக மூன்று தடவை மடக்கினான். கத்தி பட்ட இடத்தில் செம்பு ஒடிந்து அவன் கையோடு வந்துவிட்டது. “இது சுவிட்ச் பாக்ஸுக்குள்ள போயிருந்தா என்னைக்காவது ஒருநாள் உள்ளேயே ஒடிஞ்சிருக்கும் சார்” என்றான்.

ஒடிந்த செம்பை விட அந்த ‘சார்’தான் எனக்கு உறைத்தது. சார் என்று கூப்பிடுகிற ஆளிடம் யாரும் ஏணியைத் தூக்கிவரச் சொல்ல மாட்டார்கள். செய்த தப்பை நேராகச் சொல்லத் தயங்குவார்கள், தாங்களே சரிசெய்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒரு மாதம் கழித்து அதே பையன் “அண்ணே, அந்த டிரில்லை எடுங்க, வேகமா” என்று கத்தினான். அன்றைக்குத்தான் எனக்கு வேலை கிடைத்தது என்று சொல்வேன்.

வயதான பிறகு இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் பாடத்தை நினைத்துப் பயப்படுகிறார்கள். பாடம் அவ்வளவு கடினமில்லை. உள்ளே சேர்த்துக்கொள்ள ஒரு ஆளைக் கண்டுபிடிப்பதும், சேர்ந்த பிறகு கடைசி ஆளாக நிற்பதும்தான் கடினம். இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் அதைப் பற்றித்தான் இருக்கும்.

முதலில் கண், முட்டி, கையிருப்பு

வேலையை விடுவதற்கு முன்னால் கண் மருத்துவரிடம் போங்கள். இரண்டு விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, நிறக்குருடு இருக்கிறதா என்பது. சிவப்பு, பச்சை குழம்புகிறவர்கள் பல வருடம் அது தெரியாமலே இருப்பார்கள். ஒயரின் நிறத்தை நம்பி வேலை செய்யும் இடத்தில் அது ஆபத்து. குறை இருந்தால் எல்லாக் கதவும் மூடிவிடும் என்றில்லை, ஆனால் எந்தப் பிரிவுக்குப் போகலாம் என்பது மாறும்.

இரண்டாவது, வெள்ளெழுத்து. நாற்பதுக்கு மேல் எல்லோருக்கும் வருவதுதான். ஆனால் நம் வேலைக்கு இதில் ஒரு தனித் தொல்லை உண்டு. கிட்டப் பார்வைக்கான பகுதி கண்ணாடியின் கீழ்ப்பாதியில் இருக்கும். நாமோ கூரையை அண்ணாந்து பார்த்து ஃபேன் கனெக்ஷன் கொடுப்போம். அப்போது கண் போவது மேல்பாதி வழியாக, ஸ்குரூ மங்கலாகத் தெரியும், தலையை இன்னும் பின்னால் சாய்ப்போம், கழுத்து பிடித்துக்கொள்ளும். மேல்பாதியிலும் கிட்டப் பார்வை வைத்த கண்ணாடி செய்து தருவார்கள். என்ன வேலை செய்யப் போகிறீர்கள் என்று மருத்துவரிடம் சொன்னாலே போதும். எனக்கு இதை யாரும் சொல்லவில்லை. ஏழெட்டு மாதம் கழுத்து வலிக்கு மருந்து தடவிக்கொண்டிருந்தேன்.

முட்டிக்கு நல்ல பேட் வாங்குங்கள். சாக்கெட் எல்லாம் தரையை ஒட்டி இருக்கும், விளக்கெல்லாம் தலைக்கு மேலே இருக்கும். நடுவில் நின்றபடி செய்கிற வேலை குறைவு. கையைத் தலைக்கு மேல் பத்து நிமிடம் வைத்துக்கொண்டு ஒரு ஸ்குரூடிரைவரைத் திருப்பிப் பாருங்கள், தோள் என்ன சொல்கிறது என்று தெரிந்துவிடும்.

பணம். ஹெல்பராகச் சேரும்போது இப்போதைய சம்பளத்தில் பாதிகூட வராமல் போகலாம். பல நாடுகளில் முழுப் பயிற்சிக்காலம் 3 முதல் 5 வருடம். அதில் முதல் வருடம்தான் மோசமானது. வீட்டில் இருப்பவர்களோடு உட்கார்ந்து அந்த ஒரு வருடத்துக்குக் கணக்குப் போடுங்கள். கணக்கு இடித்தால், வேலையை விடாமல் மாலை வகுப்பில் பாடத்தை முடித்துவிட்டுப் பிறகு வரலாம்.

எந்தப் பிரிவு?

எலக்ட்ரீஷியன் என்றால் வீட்டு ஒயரிங் என்றுதான் வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். தொழிற்சாலைப் பராமரிப்பு, பேனல் போர்டு தயாரிப்பு, சோலார், தீயணைப்பு அலாரம், கேமரா, லிஃப்ட், மோட்டார் கட்டுவது, டெஸ்டிங் என்று பல கிளைகள் இருக்கின்றன.

புதுக் கட்டட வேலை உடம்பைப் பிழியும். நாள் முழுக்க சுவரில் பள்ளம் வெட்டுவது, பைப் பதிப்பது, கேபிள் சுமப்பது. கற்க நல்ல இடம்தான், ஆனால் ஐம்பதை நெருங்குகிறவர் அதிலேயே தங்கிவிட நினைக்க வேண்டாம். பேனல் போர்டு கட்டுவது மேஜையில் நடக்கிற வேலை, வரைபடம் பார்த்து நிதானமாகச் செய்வது. முன்பு மெஷின் பக்கம் வேலை பார்த்தவர் தொழிற்சாலைப் பராமரிப்பில் சீக்கிரம் காலூன்றுவார். கம்ப்யூட்டர் பக்கம் இருந்தவருக்கு ஆட்டோமேஷன் பக்கம் வழி இருக்கிறது. கடையிலோ விற்பனையிலோ இருந்தவர் சர்வீஸ் வேலையில் ஜொலிப்பார், ஏனென்றால் வீட்டுக்காரரிடம் பேசத் தெரியும். பழைய தொழிலைத் தூக்கி எறிந்துவிட்டு வர வேண்டியதில்லை.

படிப்பு, லைசென்ஸ், ஏமாற்று

ஏறக்குறைய எல்லா நாட்டிலும் மின் வேலைக்கு ஏதோ ஒரு வகை அனுமதி உண்டு. பெயர் மாறும்: லைசென்ஸ், பதிவு, தகுதிச் சான்று. உங்கள் ஊரில் அதை யார் கொடுக்கிறார்கள் என்று முதலில் கண்டுபிடியுங்கள். அவர்கள் கேட்கும் தகுதிப் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, அதற்குப் பிறகுதான் எந்தப் படிப்பிலும் பணம் கட்ட வேண்டும்.

நான் தலைகீழாகச் செய்தேன். சில வாரங்களில் எலக்ட்ரீஷியன் ஆக்குகிறோம் என்ற ஒரு பயிற்சி நிலையத்தில் பணம் கட்டினேன். வகுப்பு மோசமில்லை. கடைசி நாள் கெட்டி அட்டையில் சான்றிதழும் கொடுத்தார்கள். லைசென்ஸ் கொடுக்கும் இடத்தில் அது கணக்கிலேயே வரவில்லை. அனுபவ நேரம் எங்கே, யார் கையெழுத்துப் போட்டார்கள் என்றுதான் கேட்டார்கள். ஆகவே சேருவதற்கு முன் மூன்று கேள்வி: இந்தப் படிப்பு லைசென்ஸுக்குச் சேருமா, சைட் அனுபவம் யார் ஏற்பாடு செய்வார்கள், நான் செய்த வேலையைக் குறித்து வைக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட உரிமை உள்ளவர் யார்? இதில் இரண்டாவது கேள்விக்கு மழுப்பினால் எழுந்து வந்துவிடலாம்.

எவ்வளவு தியரி வேண்டும்?

ஜார்ஜ் ஓம் 1827-இல் வெளியிட்ட ஒரு வரி விதி இன்றைக்கும் வேலையில் பாதியைத் தாங்குகிறது. வோல்டேஜ், கரண்ட், ரெசிஸ்டன்ஸ் மூன்றில் இரண்டு தெரிந்தால் மூன்றாவது கிடைக்கும். அதோடு வாட் கணக்கு. பள்ளிக்கூட வகுத்தல், பெருக்கல் போதும். ஆனால் சூத்திரத்தை மனப்பாடம் செய்வதோடு நிறுத்தினால் உதவாது. அது சுவருக்குள் என்ன செய்கிறது என்று பார்க்கப் பழக வேண்டும்.

ஒரு உதாரணம். சாக்கெட்டின் பின்னால் ஒரு ஸ்குரூ சரியாக முறுக்கப்படவில்லை. அந்த இடத்தில் கூடுதலாக 0.1 ஓம் ரெசிஸ்டன்ஸ், அவ்வளவுதான். ஹீட்டர் ஒன்று 16 ஆம்பியர் இழுக்கிறது. கரண்ட்டின் வர்க்கத்தை ரெசிஸ்டன்ஸால் பெருக்கினால் 256 தரம் 0.1, அதாவது 25.6 வாட். 25 வாட் என்பது ஒரு சின்ன சால்டரிங் அயர்ன். ஈயத்தை உருக்குகிற சூடு. அதை ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து சுவரில் பூட்டிவிட்டு வந்திருக்கிறோம். ஹீட்டருக்குப் போகும் வோல்டேஜ் குறைவது வெறும் 1.6 வோல்ட், யாருக்கும் தெரியாது. கரண்ட் அதிகமானால் தானாக லைனை வெட்டும் எம்.சி.பி. சுவிட்சும் விழாது, ஏனென்றால் கரண்ட் அதிகமாகவே இல்லை. முதல் அறிகுறி பிளாஸ்டிக் கருகும் வாடையாகத்தான் வரும். இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்த பிறகு நான் எந்த ஸ்குரூவையும் இழுத்துப் பார்க்காமல் மூடியது கிடையாது.

இன்னொன்று. எம்.சி.பி. இருக்கிறதே, ஷாக் அடித்தால் அது விழுந்து காப்பாற்றும் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். 230 வோல்ட் லைனைத் தொட்டு நிற்கும் மனித உடம்பின் ரெசிஸ்டன்ஸைச் சுமாராக 1500 ஓம் என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் 0.15 ஆம்பியர். ஒரு 40 வாட் குண்டு பல்பு இதை விட அதிகம் எடுக்கும். ‘சி’ வகை 10 ஆம்பியர் எம்.சி.பி. உடனே விழ 50 முதல் 100 ஆம்பியர் வேண்டும். அதன் கண்ணில் நீங்கள் ஒரு பல்புகூட இல்லை. எம்.சி.பி. காப்பது ஒயரை. ஆளைக் காக்க வைத்திருப்பது ஆர்.சி.சி.பி.; ஃபேஸில் போன கரண்ட் நியூட்ரலில் அப்படியே திரும்பி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கும், 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தாலே லைனை வெட்டிவிடும். ஆனால் ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் அதற்கும் வித்தியாசம் தெரியாது. உங்களையும் ஒரு லோடு என்று நினைத்துக்கொள்ளும்.

மற்றபடி சீரீஸ், பேரலல், த்ரீ ஃபேஸ், எர்த்திங், ஒயர் தடிமன் தேர்வு. இவற்றைப் பாடத்திட்டம் சொல்லித்தரும். ஒயர் நிறங்களை மட்டும் உங்கள் நாட்டு விதியைப் பார்த்து மனதில் ஏற்றுங்கள். நீலம் ஓரிடத்தில் நியூட்ரல், இன்னோரிடத்தில் ஒரு ஃபேஸ்.

வீட்டில் ஒரு பலகை

ஒரு பிளைவுட் பலகை, இரண்டு டூவே சுவிட்ச், ஒரு ஹோல்டர், கொஞ்சம் ஒயர், ஒரு மல்டிமீட்டர். பலகையை மின்சாரத்தோடு இணைக்கவே கூடாது. பீப் சத்தம் எழுப்பும் கன்டினியூட்டி சோதனையே போதும்.

மாடிப்படி விளக்கு இணைப்பைக் கட்டுங்கள். கீழே ஒரு சுவிட்ச், மேலே ஒரு சுவிட்ச், ஒரே விளக்கு. டூவே சுவிட்சில் மூன்று முனை. ஃபேஸ் முதல் சுவிட்சின் நடு முனைக்கு, அதாவது இரண்டு ஓர முனைகளோடும் மாறி மாறிச் சேரும் பொது முனைக்கு. இரண்டு சுவிட்சின் ஓர முனைகளையும் இரண்டு ஒயரால் இணைக்க வேண்டும். இரண்டாவது சுவிட்சின் நடு முனையிலிருந்து விளக்குக்கு. நியூட்ரல் நேராக விளக்குக்குப் போய்விடும். இப்போது மீட்டரின் இரண்டு முனையையும் இரண்டு நடு முனைகளில் வைத்து, எந்த சுவிட்சை வேண்டுமானாலும் தட்டுங்கள். ஒவ்வொரு தட்டுக்கும் பீப் வர வேண்டும் அல்லது நிற்க வேண்டும். நான்கு நிலைகளில் இரண்டில் பீப், இரண்டில் மௌனம். அப்படி வரவில்லையென்றால் நடு முனையையும் ஓர முனையையும் மாற்றிவிட்டீர்கள். எல்லா பிராண்டிலும் நடு முனை நடுவில் இருக்காது என்பது அப்போதுதான் தெரியவரும், எனக்கு அப்படித்தான் தெரிந்தது.

பிறகு பிரித்துவிட்டு மறுபடி கட்டுங்கள். பத்தாவது தடவை கை தானாகப் போகும். ஒயர் உரிப்பதையும் இதிலேயே பழகிக்கொள்ளலாம். உரித்ததும் மடக்கிப் பாருங்கள்.

யாரிடம் சேருவது, எப்படிக் கேட்பது

விண்ணப்பம் அனுப்பிக் காத்திருந்தால் வயதைப் பார்த்ததும் ஓரம் வைத்துவிடுவார்கள். சின்ன அணி வைத்து வேலை எடுக்கிற காண்ட்ராக்டர்களை நேரில் பாருங்கள். காலையில் வண்டியில் சாமான் ஏற்றும் நேரத்துக்கு முன்னால் போவது நல்லது, சாயங்காலம் யாருக்கும் காது கொடுக்கத் தெம்பு இருக்காது.

எதிரில் இருப்பவர் மனதில் மூன்று சந்தேகம் ஓடும். இந்த ஆள் சின்னப் பையன் சொல்வதைக் கேட்பாரா? உடம்பு தாங்குமா? மூன்று மாதத்தில் ஓடிவிடுவாரா? அவர் கேட்க மாட்டார், நீங்களே சொல்லிவிட வேண்டும். நான் கடைசியில் வேலை வாங்கிய பேச்சு இப்படித்தான் இருந்தது:

“அண்ணே, எனக்கு 41 ஆகுது. ஒயரிங் தெரியாது, கத்துக்கணும். யாரு கீழ விட்டாலும் வேலை செய்வேன், வயசு பார்க்க மாட்டேன். ஒரு வாரம் வெச்சுப் பாருங்க. சரிவரலைன்னா நானே போயிடுறேன்.”

“வண்டி ஓட்டுவீங்களா?”

“ஓட்டுவேன். சாமான் கணக்கும் எழுதுவேன்.”

அவருக்கு என்னைவிட ஆறேழு வயது குறைவு. நான் அண்ணே என்றதும் சிரித்துவிட்டார். வண்டிச் சாவியைக் கொடுத்தார். ஹெல்பர் வேலைக்கு வண்டி ஓட்டுவதும், வாங்கிய பொருளைத் தவறில்லாமல் எழுதி வைப்பதும், ஏழு மணி என்றால் ஏழுக்கு நிற்பதும் எவ்வளவு பெரிய தகுதி என்று உள்ளே போனால்தான் புரியும்.

சொல்லக் கூடாதது: “முன்னே நான் இருபது பேரை வெச்சு வேலை வாங்கினவன்.” உண்மையாகவே இருக்கலாம். சொல்லாதீர்கள்.

சேருவதற்கு முன் நீங்களும் அவர்களைப் பார்க்க வேண்டும். அவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா, உங்கள் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவாரா, லைனை ஆஃப் செய்துவிட்டு வேலை செய்கிற பழக்கம் உள்ள அணியா? கடைசிக் கேள்விக்கு வாயால் பதில் வராது. டி.பி.யை, அதாவது எம்.சி.பி.க்கள் இருக்கும் மெயின் பெட்டியை, பூட்டும் பூட்டு அவர்கள் கருவிப் பெட்டியில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முதல் ஆறு மாதம்

சுவரில் ஓட்டை போடுவீர்கள், குப்பை அள்ளுவீர்கள், பைப்புக்குள் ஒயர் இழுப்பீர்கள். ஒயர் இழுப்பதில் ஒரு ஆள் இழுக்க, மறுமுனையில் ஒரு ஆள் சிக்கில்லாமல் ஊட்ட வேண்டும். இழுக்கிறவரின் வேகத்தோடு ஊட்டுகிறவர் ஒத்துப்போகாவிட்டால் வளைவில் மேலுறை உரசிக் கிழியும். கிழிந்தது பைப்புக்குள் இருப்பதால் யாருக்கும் தெரியாது. கடைசியில் மெக்கர் வைத்து 500 வோல்ட்டில் இன்சுலேஷன் சோதிக்கும்போது காட்டிக்கொடுக்கும். ஊட்டுகிற முனையில்தான் உங்களை நிறுத்துவார்கள். அதை மட்டமான வேலை என்று நினைக்காதீர்கள். அங்கேயே ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் நம்பர் ஒட்டப் பழகிவிட்டால், இரண்டாவது வாரமே உங்களைத் தேடுவார்கள்.

ஒரு பழைய போர்டைத் திறந்ததும் கை வைக்காமல் போட்டோ எடுங்கள். பாக்கெட்டில் சின்ன நோட்டு வைத்திருங்கள். கேள்விகளை வேலை நடுவே கேட்காமல் வண்டியில் திரும்பும்போது கேளுங்கள். ஒரே கேள்வியை இரண்டாம் தடவை கேட்காமல் இருக்கத்தான் நோட்டு.

கருவிகளை ஒரேயடியாக வாங்க வேண்டாம். காப்பிடப்பட்ட ஸ்குரூடிரைவர் செட், கட்டிங் பிளேயர், ஸ்ட்ரிப்பர், டேப், தலையில் மாட்டும் விளக்கு போதும். மீட்டரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது: ‘கேட் 3’ (டி.பி. போன்ற இடங்களில் அளக்கத் தகுந்த பாதுகாப்பு வகை) என்று போட்ட, உண்மையான தரச் சான்றுள்ள மீட்டர் வாங்குங்கள். மலிவு மீட்டர் தவறான அளவு காட்டுவதோடு நிற்காது, டி.பி. பக்கத்தில் வைத்து அளக்கும்போது கையிலேயே வெடிக்கலாம்.

இதில் மட்டும் பேரமில்லை

வேலைக்கு முன் லைனைத் துண்டிக்க வேண்டும். வேறு யாரும் மறுபடி போடாதபடி பூட்ட வேண்டும், சாவி உங்கள் பாக்கெட்டில். லைன் செத்துவிட்டது என்று அளந்து உறுதி செய்ய வேண்டும். பெரிய லைன் என்றால் எர்த் செய்ய வேண்டும். பக்கத்தில் உயிரோடு இருக்கும் பாகங்களை மறைக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றவே கூடாது.

அளப்பதிலும் ஒரு முறை உண்டு. முதலில் லைன் இருக்கிறது என்று தெரிந்த இடத்தில் மீட்டரை வைத்துப் பார்ப்பது, பிறகு வேலை செய்யும் இடம், பிறகு மறுபடி அந்தத் தெரிந்த இடம். நடுவில் மீட்டர் பழுதாகியிருந்தால் மூன்றாவது அளவுதான் சொல்லும். பேனா போன்ற டெஸ்டரில் விளக்கு எரியவில்லை என்பதை வைத்து ஒருபோதும் ஒயரைத் தொடாதீர்கள்.

மெயினை ஆஃப் செய்துவிட்டால் முடிந்தது என்பதும் பழைய நம்பிக்கை. வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கலாம், ஜெனரேட்டர் இருக்கலாம். சோலார் பேனல் வெளிச்சம் இருக்கும்வரை வோல்டேஜ் கொடுத்துக்கொண்டே இருக்கும், அதற்கு சுவிட்ச் கிடையாது. நியூட்ரல்தானே என்று தொட்டவர்களும் அடி வாங்கியிருக்கிறார்கள்; வேறு சர்க்யூட்டின் கரண்ட் அந்த நியூட்ரல் வழியாகத் திரும்பிக்கொண்டிருக்கும், பிரித்ததும் உங்கள் கையில் நிற்கும்.

மோதிரம், வாட்ச், கழுத்துச் சங்கிலி வண்டியிலேயே இருக்கட்டும். நேர் ஏணியை நான்கடி உயரத்துக்கு ஒரு அடி வீதம் சுவரிலிருந்து தள்ளி ஊன்றுங்கள்.

“ரெண்டு நிமிஷ வேலை, லைன்லயே பண்ணிடலாம்” என்று யாராவது சொன்னால் கையை எடுத்துவிடுங்கள். இருபது வயதுப் பையனுக்கு மறுக்கத் தைரியம் வராது. உங்களுக்கு வரும். “எனக்கு லைன்ல பழக்கம் இல்லண்ணே, ஆஃப் பண்ணிட்டுப் பண்றேன்” என்று சாதாரணமாகச் சொல்லலாம். அதற்காக வேலை போனால் போகட்டும், அந்த அணி உங்களுக்கு வேண்டாம்.

பதிவேடு

லைசென்ஸுக்குப் போகும் நாளில் எல்லாமே இதில்தான் நிற்கும். என்ன வேலை, எந்தத் தேதி, எத்தனை மணி நேரம், எந்த டெஸ்ட் எடுத்தீர்கள், என்ன அளவு வந்தது. அன்றன்றைக்கு எழுதி, அந்த வாரமே கையெழுத்து வாங்கிவிடுங்கள். நான் ஒருமுறை நான்கு மாதத்தை மொத்தமாகச் சேர்த்து வைத்திருந்தேன். கையெழுத்துப் போட வேண்டிய சூப்பர்வைசர் வேலையை விட்டுப் போய்விட்டார். அவரைத் தேடிக் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. இப்போது என்னிடம் வருகிறவர்களின் நோட்டை வெள்ளிக்கிழமை சாயங்காலம் நானே கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போடுகிறேன். போன வாரம் சேர்ந்தவருக்கு 46 வயது. பையன்கள் இன்னும் அவரை சார் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.